பூக்குழியை வாசித்து முடித்தோம்: கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், ஞாயிறு சாயங்காலங்களில் எங்களை அனுப்பிவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் கிளை நூலகத்தின் பெண்கள் வாசகர் வட்டம் பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாய்விட்டு வாசித்து முடித்துவிட்டது. ஆனியில் தொடங்கி ஐப்பசியில் முடித்தோம். நடுவில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு மட்டும் இடைவெளி விட்டோம். ஒரு காதல் கதையைப் பெண்கள் கூடி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல், வெளியே போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி படிப்பது எங்கள் பக்கத்தில் சுலபமாக நடக்கிற காரியம் இல்லை. இது நடந்தது என்றால் பல பேர் கை கொடுத்ததால்தான். அவர்கள் யார் பெயரையும் போடவில்லை. பல பேர் வேண்டாம் என்றார்கள், சிலர் பெயரைப் போடக் கூடாது என்பதற்குக் காரணமும் இருக்கிறது.

எங்கள் ஊர் பவானிக்கும் அந்தியூருக்கும் நடுவில் இருக்கிறது. கதை எழுதியவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்செங்கோட்டுக்காரர். அதனால் நாவலில் வருகிற பேச்சு எங்கள் பேச்சு, அதில் அடிக்கிற வெயிலும் எங்கள் வெயில்தான். 2013இல் காலச்சுவடு வெளியிட்ட புத்தகம். 2023இல் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பிடித்ததைப் பேப்பரில் படித்த ஞாபகத்தில், "நம்ம பக்கத்துக் கதையாமே, எடுத்துப் படிக்கலாமா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். தோலூரில் சோடாக் கடையில் வேலை பார்க்கிற குமரேசன், அங்கே இருக்கிற சரோஜாவைக் காதலித்துக் கல்யாணம் செய்து தன் ஊரான காட்டுப்பட்டிக்குக் கூட்டி வருகிறான். பாறைமேல் ஒரு குடிசை, அதில் அவன் அம்மா மாராயி. வந்த பெண் என்ன சாதி என்று ஊர் கேட்கிறது. திரும்பத் திரும்ப அதையே கேட்கிறது. முடிவை இங்கே எழுதப் போவதில்லை. படிக்காதவர்கள் படிக்க வேண்டும்.

முதல் நன்றி நூலகர் அக்காவுக்கு. வெள்ளிக்கிழமைதான் நூலகத்துக்கு வார விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும் என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "ஞாயித்துக்கெழம வாங்க, பின்னாடி ரூம் சும்மாத்தான் கெடக்குது" என்று கூப்பிட்டது அவர்தான். பழைய நாளிதழ்க் கட்டுகளைச் சுவரோரம் அடுக்கி, அறையைப் பெருக்கி, சுத்தாமல் கிடந்த ஃபேனைச் சரிபண்ணி வைத்தார். வாசிப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் ஒருவர் வந்து, "பொம்பளைங்களக் கூட்டி வெச்சுக் காதல் கதையா சொல்லிக்குடுக்கறீங்க?" என்று அவர் மேசை முன்னால் நின்று சத்தம் போட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "திருக்குறள்ல கடைசி 250 குறளும் காதலப் பத்தித்தானுங்க. அதையும் எடுத்துப் போட்டரலாங்களா?" என்று கேட்டார். வந்தவர் போய்விட்டார். பின்னறையில் இருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது. அன்றைக்கு வாசித்தவரின் குரலில் ஒரு தெம்பு வந்ததை நான் கவனித்தேன்.

நூலகம் என்று சொல்லும்போது, வீட்டு வரி கட்டுகிற எல்லோருக்கும் சேர்த்தே நன்றி சொல்ல வேண்டும். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான், நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டார். அந்தச் சட்டத்தால்தான் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. எங்களுக்கு ஓர் அறையும் அலமாரி நிறையப் புத்தகமும் கிடைத்தது உங்கள் பணத்தில்தான்.

நூலகத்தில் 'பூக்குழி' ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. வாய்விட்டு வாசிக்கும் வழக்கம் அதனால் வந்ததுதான். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போன ஒருவர், பத்து சதவீதத் தள்ளுபடியில் எங்களுக்கென்று ஒரு கட்டுப் பிரதிகள் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, பேரைக்கூடச் சொல்ல வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அப்புறமும் நாங்கள் சத்தமாகவே வாசித்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் எங்களோடு இருந்தார்கள், அவர்கள் சொன்னதுதான் பல நாள் பேச்சை நடத்தியது.

அதில் ஒருவர் பூக்கட்டும் அக்கா. சத்தியமங்கலத்து மல்லி வந்த நாளில் கூடையோடு வருவார். மடியில் ஈரத்துணி, அதன்மேல் மொட்டு. எதிரும் புதிருமாக மொட்டுகளை வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துக்கொண்டே கேட்பார், கண் பூவைப் பார்க்காது. சரோஜா பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வெயிலில் நடக்கிற பக்கங்களை வாசித்தபோது அவர் கை நின்றுவிட்டது. "வந்த புள்ளைக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அன்றைய வாசிப்பு நின்று, எல்லோரும் தங்கள் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அத்தனை பேருக்கும் பெரியவர்கள் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம்தான். ஆனாலும் முதல் நாள் புகுந்த வீட்டில் எங்கே உட்காருவது, யாரிடம் பாத்ரூம் கேட்பது, யாராவது பேசுவார்களா என்று நின்ற அந்த நிலைமை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காதல் கல்யாணம் செய்த ஒரு பெண்ணை எங்களில் ஒருத்தியாகப் பார்க்க வைத்தது அந்தக் கேள்வி. இந்த வாசிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய வரவு அது. அக்காவுக்கு என் மனமார்ந்த நன்றி.

மாராயியின் ஒப்பாரி வருகிற இடத்தை எங்களில் யார் வாசித்தாலும் பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. எங்கள் வட்டத்தின் மூத்த ஆத்தா, "கொஞ்சம் நிறுத்து கண்ணு" என்று சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த ஒப்பாரியில் நாலு அடி எடுத்துப் பாடிக் காட்டினார். உயிரோடு வந்து நிற்கிற மகனுக்கு ஒரு தாய் ஒப்பாரி வைக்கிறாள் என்றால் அது என்னவென்று அதற்கப்புறம்தான் புரிந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்கள் மாராயியை மன்னிக்கவே முடியாது என்றார்கள். ஆத்தா விடவில்லை. "தாலியறுத்தவ, ஒத்தையில மகன வளத்துனவ. ஊரு ஒதுக்கி வெச்சா அவ எங்க போவா?" என்றார். நான் அந்தப் பெண்கள் பக்கம்தான். ஆனால் ஆத்தா அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் மாராயியை ஒரு கொடுமைக்கார மாமியார் என்று தள்ளிவிட்டுப் போயிருப்போம்.

சோடாக் கடைப் பெரியவருக்கு ஒரு பெரிய நன்றி. குமரேசனின் தொழில் கோலி சோடா. எங்களில் சின்னவர்கள் அது தயாராவதைப் பார்த்ததே இல்லை. பெரியவர் தன் பழைய மிஷினைத் துடைத்து வைத்து எங்களைக் கூப்பிட்டார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து மிஷினுக்குள் படுக்க வைத்து, மூடி, கேஸைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். பாட்டில் தலைகீழாகப் புரண்டு புரண்டு வந்தது. வெளியே எடுத்தபோது, கேஸின் அழுத்தத்தில் கோலிக்குண்டு கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு ஒட்டி நின்றது. மூடியே இல்லாமல் அடைத்துக்கொள்கிற அந்தப் பாட்டிலுக்கு 1870களில் காப்புரிமை வாங்கியவர் ஹிராம் காட் என்கிற இங்கிலாந்துக்காரர் என்று கல்லூரிப் பெண் ஒருத்தி சொன்னாள். "அட, வெள்ளக்காரன் சரக்கா!" என்று பெரியவருக்கு ஆச்சரியம். எப்போதாவது பாட்டில் வெடிக்கும் என்று சொல்லி, முன்கையில் இருந்த தழும்பையும் காட்டினார். சைக்கிளில் பாட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போடப் போவாராம். புதுப் பெண்டாட்டியை வீட்டில் தனியாக விட்டுவிட்டுக் குமரேசன் தொழிலுக்காக அலைகிற பக்கங்களை அதற்கப்புறம் வாசித்தபோது, அவன்மேல் இருந்த எங்கள் கோபம் கொஞ்சம் இறங்கியது.

பாதி நாவல் தாண்டியதும் ஒரு கேள்வி வந்தது. இன்றைக்கு ஒரு சரோஜா வந்து நின்றால் அவளுக்கு என்ன வழி? பதில் சொல்லத் தெரிந்தவர் எங்களில் இல்லை. கூப்பிட்டதும் வந்த வழக்கறிஞர் அம்மாவுக்கு நன்றி. 1967இல் அண்ணா ஆட்சியில் வந்த சட்டத் திருத்தத்தால், இந்துக்களான இருவர் உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே, புரோகிதர் இல்லாமலும் அந்தச் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சொன்னார். மதம் வேறாக இருந்தால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதில் முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டிவிடுவார்கள் என்பதையும், அது எப்படி ஆபத்தாக முடியும் என்பதையும் சேர்த்தே சொன்னார். இப்படிக் கல்யாணம் செய்தவர்களுக்கு மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும், மாவட்டந்தோறும் அதற்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்குப் புதுச் செய்தி. கலப்புத் திருமணத்துக்கு அரசு தரும் உதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருப்பதும், பணத்தோடு எட்டு கிராம் தங்கமும் தருவார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பேனா எடுக்காதவர்கள்கூட அன்றைக்கு எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து நன்றி சொல்ல வேண்டிய, இப்படிக் கல்யாணம் செய்துகொண்ட இருவரைப் பற்றி அதிகம் எழுத முடியாது. எந்த ஊர், எத்தனை வருஷம் என்றுகூட எழுத மாட்டேன். அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், ஒரு அத்தியாயம் கேட்டார்கள், அப்புறம் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசினார். பெற்றவர்கள் இன்னமும் பேசுவதில்லை என்றார். எங்கள் ஆத்தா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வந்ததற்கும், எங்களை நம்பிப் பேசியதற்கும், தம்பிக்கும் தங்கைக்கும் நன்றி. எங்கள் யார் வீட்டு வாசலுக்கும் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இது பேச்சுக்குச் சொல்வது இல்லை.

அப்புறம், நாங்கள் உட்கார ஜமுக்காளம் கொடுத்த நெசவாளர் அண்ணனுக்கு நன்றி. பவானி ஜமுக்காளம், அவர் கையால் தறியில் நெய்தது, துவைத்துத் திருப்பிக் கொடுத்தபோது அறைக்கே இருக்கட்டும் என்றுவிட்டார். இருட்டின பிறகு வீட்டுக்கு வீடு இறக்கிவிட்ட ஆட்டோ அண்ணனுக்கும், டீக்குக் காசு வாங்காத பேக்கரிக்காரருக்கும் நன்றி. "போயிட்டு வா, நான் அடுப்பப் பாத்துக்கறேன்" என்ற மாமியார்களுக்கு நன்றி. அவர்களில் இரண்டு பேர் கடைசியில் எங்களோடே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இப்படி ஒரு கதையை எங்கள் பேச்சிலேயே எழுதிக் கொடுத்த பெருமாள்முருகன் அவர்களுக்கு எங்கள் வணக்கமும் நன்றியும். கடைசிப் பக்கத்தை வாசித்த அன்று ஒருவரும் உடனே எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. குமரேசன் வந்து சேர்வானா மாட்டானா என்று வாசலில் செருப்பு மாட்டும்வரை வாக்குவாதம். வருவான் என்கிறவர்கள் ஒரு கட்சி, நானும் அதில்தான் இருக்கிறேன்.

பிரதிகள் எல்லாம் நூலகத்தில் கொடுத்தாயிற்று. உறுப்பினர் அட்டை உள்ளவர்கள் எடுத்துப் போகலாம், இல்லாதவர்களுக்கு அக்கா அட்டை போட்டுத் தருவார். அடுத்த புத்தகத்தைத் தையில் எடுக்கிறோம். இன்னொரு காதல் கதையே வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள், கொஞ்சம் சந்தோஷமான கதையாக இருக்கட்டும் என்று பூக்கட்டும் அக்கா சொல்லியிருக்கிறார். உங்களுக்குப் பிடித்த நாவல் இருந்தால் மார்கழி முடிவதற்குள் நூலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஆண்களும் எழுதிக் கொடுக்கலாம்.

அன்போடும் நன்றியோடும்,
பெண்கள் வாசகர் வட்டத்துக்காக அதன் ஒருங்கிணைப்பாளர்