சதுரம் அல்லாத ‘ஸ்கொயர்’

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலச் செய்தியில் ‘ஸ்கொயர்’ வந்தால் உடனே ‘சதுரம்’ என்று எழுதிவிடும் பழக்கம் மொழிபெயர்ப்புகளில் தொடர்கிறது. பல இடங்களில் அது பொருந்தாது. சில இடங்களில் கணக்கே தப்பாகிவிடும்.

‘டென் ஸ்கொயர் ஃபீட்’ என்றால் 10 சதுர அடி. ‘டென் ஃபீட் ஸ்கொயர்’ என்றால் பக்கத்துக்கு 10 அடி கொண்ட சதுரம். பரப்பு 100 சதுர அடி. சொல் இடம் மாறினால் பத்து மடங்கு வேறுபாடு! ‘ஃபைவ் கிலோமீட்டர்ஸ் ஸ்கொயர்’ காடு எரிந்தது என்றால் 25 சதுர கி.மீ. பரப்பு வெறும் 5 சதுர கி.மீ. என்றால், அந்தச் சதுரத்தின் பக்கம் சுமார் 2.24 கி.மீ.தான். ‘கிலோமீட்டர்ஸ் ஸ்கொயர்ட்’ என்று முடிந்தால் அது பெரும்பாலும் சதுர கி.மீ.யைத்தான் குறிக்கும். ஐயம் வந்தால் மூலச் செய்தியில் நீள அகலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுவதே சரி. அமெரிக்கக் கூரை வேலையில் ‘ஸ்கொயர்’ தனி அளவு, 100 சதுர அடி. அங்கே ‘20 ஸ்கொயர்’ கூரை என்றால் 2,000 சதுர அடி.

அளவை விட்டு வேறு இடங்களில் வரும் குழப்பத்துக்கு இச்சொல்லின் வேரைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் குறித்தது வடிவத்தை அல்ல, செங்கோணம் பார்க்கும் தச்சுக் கருவியை. நாம் மூலைமட்டம் என்கிறோமே, அதுதான். அதனால் ஒரு கதவுச் சட்டம் ‘அவுட் ஆஃப் ஸ்கொயர்’ என்றால் ‘சதுரமாக இல்லை’ என்பது தவறு; கதவு என்றைக்குச் சதுரமாக இருந்தது? ‘மூலை மட்டம் சரியில்லை’ என்று எழுத வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தும் சட்டம் சாய்ந்திருக்கலாம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பார்த்தால், நீளம் வேறுபடுவதிலேயே சாய்வு தெரிந்துவிடும். கிரிக்கெட்டின் ‘ஸ்கொயர் லெக்’கும் இந்தச் செங்கோணத்திலிருந்து வந்ததே: மட்டையாளருக்குப் பக்கவாட்டில், ஆடுகளத்தின் நீளத்துக்குச் செங்குத்தான திசை.

இடப்பெயரில் வரும் ‘ஸ்கொயர்’ சதுக்கம். அது சதுரமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. வாடிகனின் புனித பேதுரு சதுக்கத்தின் முக்கியப் பகுதி நீள்வட்டம். மாஸ்கோவின் செஞ்சதுக்கம் நீண்ட செவ்வகம். ‘சதுர வடிவ மைதானத்தில் கூடினர்’ என்று விளக்கம் சேர்ப்பது இல்லாத தகவலைச் சேர்ப்பதாகும். எண்ணோடு வந்தால் வர்க்கம், வர்க்கமூலம். சதுரங்கப் பலகையில் கட்டம். இவற்றில் தடுமாற்றம் குறைவு.

‘ஸ்கொயர் ஆஃப்’ மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. விளையாட்டுப் பக்கத்தில் இரு அணிகள் மோதுகின்றன என்று பொருள். வணிகப் பக்கத்தில், வாங்கிய பங்கை விற்றோ, விற்றதைத் திரும்ப வாங்கியோ கணக்கை முடிப்பது. முதலீட்டாளர்கள் ‘மோதினர்’ என்று வந்தால் வாசகர் சந்தையில் என்ன நடந்தது என்றே அறியமாட்டார். ‘ஆல் ஸ்கொயர்’ என்றால் ஆட்டம் சமநிலை.

‘பேக் டு ஸ்கொயர் ஒன்’ என்பதை ‘முதல் சதுரத்துக்குத் திரும்பியது’ என்று எழுத வேண்டிய தேவையே நமக்கு இல்லை. கருத்துப் பத்திகளில் ‘பழைய குருடி கதவைத் திறடி’ போதும். அமைதிப் பேச்சு முறிந்த செய்தியில் அந்தப் பழமொழி பொருந்தாது. ‘பேச்சு தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது’ என்று எழுதலாம்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள வாசகர்