பேட்டரிக்கும் பொது அளவு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கொசு பேட் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தால், கட்டைவிரல் அளவே உள்ள பேட்டரி, சிவப்பு, கறுப்பு ஒயர்களோடு பற்றவைக்கப்பட்டு, பக்கவாட்டில் உப்பியிருந்தது. வலைக்கும் சுவிட்சுக்கும் எந்தக் குறையும் இல்லை. மூன்று கடைகளில் கேட்டும் அந்த அளவில் பேட்டரி கிடைக்கவில்லை. "புதுசே வாங்கிடுங்க" என்றார்கள்.

அதே வீட்டில் என் தாயார் காலையில் கேட்கும் சிறிய எஃப்.எம். ரேடியோ, நோக்கியா கைப்பேசிகளுக்கென வந்த பிஎல்-5சி பேட்டரியில் ஓடுகிறது. வெவ்வேறு நிறுவனங்களின் ரேடியோக்களும் ஸ்பீக்கர்களும் அதே பேட்டரியை ஏற்பதால், நோக்கியாவின் அந்தக் கைப்பேசிகள் வழக்கொழிந்த பின்னரும் எங்கள் தெருமுனை செல்போன் கடையில் அது கிடைக்கிறது. பின்மூடியைத் தள்ளி, பழையதை நகத்தால் நெம்பி எடுத்துப் புதியதைப் பொருத்த அவருக்கு யார் துணையும் வேண்டியதில்லை. எந்தச் சட்டமும் விதிக்காமல், புழக்கத்தாலேயே நிலைபெற்ற பொது அளவு அது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும் வகையில், சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி 18 முதல் வடிவமைக்க வேண்டும். நல்ல சட்டம்தான், ஆயினும் பேட்டரியின் அளவை அது பொதுவாக்கவில்லை. கழற்ற முடிந்தும் மாற்று கிடைக்காவிட்டால் என் கொசு பேட்டின் கதைதான்.

நம் நாட்டின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களிடம் ஒப்படைத்துள்ளன. ஆனால் பற்றவைத்து மூடிய பேட்டரியை எந்தக் குடும்பத்தலைவி பிரித்தெடுத்து ஒப்படைப்பார்? கருவியோடு சேர்ந்து அதுவும் குப்பைக்கே போகிறது. லித்தியம் பேட்டரியாக இருந்து, வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கவும் கூடும்.

செல்போன் மெலிதாகவும் நீர் புகாமலும் இருக்கப் பேட்டரியை உள்ளே வைத்து மூடத்தான் வேண்டும் என்ற வாதத்தை ஓரளவு ஏற்கலாம். டார்ச்சுக்கும் எமர்ஜென்சி விளக்குக்கும் டிரிம்மருக்கும் அது பொருந்தாது. சுவர்க்கடிகாரத்துக்குப் பென்சில் செல் வாங்கும்போது எந்த நிறுவனத்தின் கடிகாரம் என்று கடைக்காரர் கேட்பதில்லை. அதுபோல, இத்தகைய கருவிகளுக்கு நான்கைந்து அளவுகளை மட்டும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்து, மின்னழுத்தம், முனைகளின் இடம், தலைகீழாகப் பொருத்த இயலாத அமைப்பு, மிகைச்சார்ஜைத் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று ஆகியவற்றையும் அதனுடன் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.