மணியாச்சி எதற்காக இருக்கிறது?

மணியாச்சி

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சளி குறைந்துவிட்டது. மருந்தும் முடிந்துவிட்டது, இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைப் பற்றி நீ இனிக் கவலைப்படாதே.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாய். "வண்டி மாறுவதற்கு மட்டும் இருக்கிற ஊர் அம்மா அது. அங்கே யாரும் வருவதில்லை, அது வழியாகப் போகிறார்கள். அந்த ஊர் எதற்காக இருக்கிறது என்று நீயே சொல். சொல்ல முடியாவிட்டால் வீட்டைக் கொடுத்துவிட்டு மெல்போர்னுக்கு வந்துவிடு" என்றாய். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் எவ்வளவு நல்ல கேள்வி! பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒரு பிள்ளைகூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஓர் ஊர் ஏன் இருக்க வேண்டும்? இதற்குத் தொலைபேசியில் இரண்டு வரி பதில் சொல்வது கேள்விக்கு மரியாதை ஆகாது. அதனால் திண்ணையில் உட்கார்ந்து முறைப்படி யோசித்தேன்.

ஒரு பொருள் உண்டாவதற்குச் சைவ சித்தாந்திகள் மூன்று காரணம் சொல்வார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை என்கிற சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இதை எடுத்து மணியாச்சிக்குப் பொருத்திப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது ராசா. நம் ஊருக்கு முதற்காரணம் கரிசல் மண். கோவில்பட்டி, எட்டயபுரம், ஒட்டப்பிடாரம் என்று கண்ணுக்கெட்டும் தூரம் கறுத்துக் கிடக்கிற இந்த மண்ணில் விளைந்த பருத்தியைத்தான் வெள்ளைக்காரர்கள் 'டின்னவெல்லி' என்று பெயர் போட்டுக் கப்பலில் ஏற்றினார்கள். துணைக்காரணம் தண்டவாளம். நிமித்த காரணம் தூத்துக்குடித் துறைமுகம், அதிலும் முக்கியமாகக் கொழும்புக் கப்பல்.

மதுரையிலிருந்து தெற்கே ரயில் பாதை வந்து சேர்ந்தது 1876இல். அந்தப் பாதைக்கு வேண்டியிருந்தது கடல். பருத்தி கடலுக்குப் போக வேண்டும், இலங்கைக்குப் போகும் ஆட்களும் கடலுக்குப் போக வேண்டும். ஆனால் ஜில்லாவின் தலைநகரமான திருநெல்வேலியை விட்டுவிடவும் முடியாது. கடலோரத் தூத்துக்குடி தென்கிழக்கே இருக்கிறது, திருநெல்வேலி தென்மேற்கே இருக்கிறது. ஏதாவது ஓர் இடத்தில் பாதை பிரிந்தே ஆக வேண்டும். அப்படிப் பிரிந்த இடம் நம் ஊர். இரண்டு பெரிய ஊர்கள் ஒரே கோட்டில் வர மறுத்ததால் மூன்றாவதாக ஒன்று உண்டாயிற்று. உலகத்தில் எத்தனை ஊர்களுக்கு இவ்வளவு தெளிவான பிறப்புக் காரணம் இருக்கிறது? நீ இருக்கும் மெல்போர்னுக்கு இருக்கிறதா என்று அங்கே யாரிடமாவது கேட்டுச் சொல்.

மணியாச்சி என்ற ஊர் அதற்கு முன்பே பாளையமாக இருந்ததே என்று நீ கேட்பாய். இருந்தது. ஜங்ஷன் இல்லை. ஆனால் அதிலும் சித்தாந்தி விடமாட்டார். இல்லது வாராது, உள்ளது போகாது என்பது அவருடைய கொள்கை. குடம் செய்வதற்கு முன்பே மண்ணுக்குள் குடம் மறைந்திருக்கிறது என்பார். அப்படியானால் பக்கத்திலுள்ள பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கட்டபொம்மன் இந்தக் கரிசலில் குதிரையை ஓட்டியபோதே, குதிரைக் குளம்புக்கு அடியில் பிளாட்பாரங்களும் ஒரு கைகாட்டி மரமும் வெளியே வரக் காத்துக்கொண்டிருந்தன என்று ஆகிறது. இதை நினைத்துக்கொண்டு வெகு நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

சரி, உண்டானதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. இப்போது இருப்பதற்கு? உன் கேள்வியின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் நிமித்த காரணம் நம்மை விட்டுப் போய்விட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். கொழும்புக் கப்பலோடு இணைகிற ரயிலான போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போகத் தொடங்கியது. அதுவரை சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிற துரைமாரும் வியாபாரிகளும் நம் ஊர் வழியாகத்தான் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழை சனங்கள் பலரும் இந்த வழியாகப் போனார்கள். அடுத்து வரும் தட்டப்பாறையில் முகாம் போட்டு, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்துத்தான் அவர்களைக் கடல் தாண்ட விட்டார்கள். அந்தப் பயணம் பெரும்பாலும் ராமேசுவரம் பக்கம் திரும்பிவிட்டது. குயவன் எழுந்து போய்விட்டான். அதற்காகக் குடம் உடைந்துவிடவில்லை.

நம்மிடமிருந்து காரணத்தை வாங்கிக்கொண்ட தனுஷ்கோடியைப் பார். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு அதைவிட அவசியமான ஊர் கிடையாது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயலில் கடல் அதைக் கொண்டுபோய்விட்டது, ரயிலையும் ஆட்களையும் சேர்த்து. அந்த ஊருக்குக் காரணம் இருந்தது, ஊர் போய்விட்டது. நமக்குக் காரணம் போய்விட்டது, ஊர் இருக்கிறது. ஆகவே ஓர் ஊர் எதற்காக இருக்கிறது என்று கேட்டு, விடை கிடைக்கவில்லை என்பதற்காக வீட்டை விற்கச் சொல்வது தருக்கப்படி செல்லாது. நீ என்ஜினீயர், உனக்கு இது புரியும்.

காரணத்தை விட்டுவிட்டுத் திணைக்கு வந்தேன். நான் தமிழ் வாத்தியார் அல்லவா, கடைசியில் அங்கேதான் வந்து நிற்பேன். நம் ஊர் எந்தத் திணை? மலை இல்லை, காடு இல்லை, வயல் இல்லை, கடல் இல்லை. முதலில் பாலை என்றுதான் தோன்றியது. பாலைக்கென்று தனியாக நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து திரிந்தால் பாலை. அதன் உரிப்பொருள், அதாவது அதற்கென்று உரிய நிகழ்ச்சி, பிரிதல். மணியாச்சியில் பிரிதலைத் தவிர என்ன நடக்கிறது? பாதையே பிரிகிறது! கிழக்கே பிரிகிற பாதை உப்பளங்களைத் தாண்டி நெய்தல் நிலத்துக்குப் போகிறது. மேற்கே பிரிகிற பாதை நாரைக்கிணறு, கங்கைகொண்டான் என்று போய்த் தாமிரபரணிக் கரையில் மருதத்தில் சேர்கிறது. ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் நெல். நெல்லுக்கு உப்பை மாற்ற வண்டி கட்டிக்கொண்டு போன உமணர்கள் இன்று இருந்தால் நம் ஊரில்தான் மாட்டை அவிழ்த்துவிட்டுப் பொங்கிச் சாப்பிட்டிருப்பார்கள்.

பாலை என்றே முடிவு கட்டி எழுதியும் வைத்துவிட்டேன். சாயங்காலம் ஸ்டேஷன் வரை நடந்து போனபோதுதான் முடிவு மாறியது. பிரிவது ஒரு நிமிஷ வேலை. வண்டி வருகிறது, நிற்கிறது, ஏறுகிறார்கள், போய்விடுகிறார்கள். மற்ற நேரமெல்லாம் என்ன நடக்கிறது? காத்திருக்கிறார்கள். காத்திருத்தல் முல்லையின் உரிப்பொருள். சங்கப் பாட்டில் தலைவி வீட்டுக்குள் மாலைப்பொழுதில் காத்திருப்பாள். நம் ஊரில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், எல்லாப் பொழுதிலும்.

உனக்கு நினைவிருக்கும், குருவாயூர் எக்ஸ்பிரசுக்குத் தூத்துக்குடி இணைப்பு ரயில் ஓடிய காலம். ஒரு வண்டி தாமதமானால் மற்றதும் நிற்கும். தூத்துக்குடிக்காரர்கள் மக்ரூன் பெட்டியைப் பிரிப்பார்கள், திருநெல்வேலிக்காரர்கள் அல்வாவைப் பிரிப்பார்கள். யார் வீட்டுக் குழந்தையோ யார் மடியிலோ தூங்கும். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் நடுராத்திரியில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லுவார்கள். இனிமேல் பார்க்கவே போவதில்லை என்பதால்தான் அவ்வளவும் வெளியே வரும். உன் அப்பா இரவு வேலை முடிந்து வந்து இதையெல்லாம் சொல்லும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். பெரிய நகரத்தில் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். இங்கே வண்டி தாமதமானால் போதும், மனுஷர்கள் மனுஷர்களாகிவிடுகிறார்கள்.

காத்திருத்தலில் வேறொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷ் தன் மனைவியோடு திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, பிள்ளைகளைப் பார்க்கக் கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தார். தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய போட் மெயிலுக்காக அவருடைய முதல் வகுப்புப் பெட்டி மணியாச்சியில் நின்றது. செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறிச் சுட்டார், பிறகு பிளாட்பாரக் கழிவறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். இருபத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இந்த இடத்தோடு பாடத்தை முடித்துவிடுவோம். நான் இப்போது யோசிப்பது அந்தக் காத்திருந்த சில நிமிஷங்களைப் பற்றி. திருநெல்வேலியிலிருந்து வண்டி நேராக ஓடியிருந்தால் அந்தப் பெட்டி நின்றிருக்காது. நிற்கிற வண்டிதான் சரித்திரத்தின் கைக்கு அகப்படும்.

இந்தப் பகை எங்கிருந்து வந்தது என்று பார். கொழும்புக் கப்பலில் வெள்ளைக்காரர்களுக்குப் போட்டியாக 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர் நம் பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள், கம்பெனி நொடித்துப் போயிற்று. அதற்கு ஆஷும் காரணம் என்று நினைத்தார்கள், அவர் மேல் கோபம் வந்தது அங்கிருந்துதான். எந்தக் கப்பலுக்காக இந்த ஜங்ஷன் பிறந்ததோ, அந்தக் கப்பலை ஒட்டிய பகை தேடிக்கொண்டு இதே ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குயவன் குடத்திலேயே தடுக்கி விழுந்த கதை. இன்று ஸ்டேஷன் பலகையில் வாஞ்சி மணியாச்சி என்று இருக்கிறது. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். எதிர் இருக்கையில் கணவனோடு பேசிக்கொண்டிருந்த ஆஷின் மனைவி ஒருத்தி. செங்கோட்டையில் ஒன்றும் தெரியாமல் இருந்த வாஞ்சிநாதனின் மனைவி பொன்னம்மாள் ஒருத்தி. இருவருமே அதற்குப் பிறகு நெடுங்காலம் காத்திருந்திருப்பார்கள், வராத வண்டிக்கு. முல்லை என்று நான் முடிவு கட்டியதற்கு அவர்களும் காரணம்.

உன் அப்பா சிக்னல் கேபினில் லீவர் இழுத்த ஆண்டுகளில் ஒரு தடவைகூட இந்த ஊர் எதற்கு என்று கேட்டதில்லை. லீவரை ஒரு பக்கம் தள்ளினால் வண்டி கடலுக்குப் போகும், மறுபக்கம் தள்ளினால் ஆற்றுக்குப் போகும். உள்ளே இருப்பவர்களில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தன்னை யார் எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. "எல்லோரும் எங்கேயோ போகிறார்கள், போவதற்கு ஒருவன் ஓர் இடத்தில் இருக்க வேண்டும்" என்பார். இந்த வீட்டை அவர் அந்தச் சம்பளத்தில்தான் கட்டினார். கேபினிலிருந்து பார்த்தால் நம் மாடியில் காய்கிற துணி தெரியும்படி இடம் பார்த்து வாங்கினார். நீ மெல்போர்னுக்குப் போனதும் இந்த ஜங்ஷன் வழியாகத்தான். நான் யாருக்குச் சமைத்தாலும் சமைக்காவிட்டாலும், காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் கடந்து போகும் சத்தத்தில் எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறேன். ஆகவே வீட்டை விற்பதாக இல்லை. விலை விசாரிக்க ஆள் அனுப்பாதே.

மெல்போர்னுக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. மருமகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கும்போது மூன்று மாதம் வந்து இருக்கிறேன். பாஸ்போர்ட் புதுப்பிக்க என்ன என்ன காகிதம் வேண்டும் என்று எழுது. அங்கே அப்போது குளிர் எவ்வளவு இருக்கும், நூல் புடவை போதுமா என்று மருமகளிடம் கேட்டுச் சொல். இஞ்சிப்பொடி, சுக்கு, பிரசவ மருந்துச் சாமான்களைக் கொண்டுவர விடுவார்களா என்பதையும் விசாரித்து வை.

பொங்கலுக்கு நீங்கள் வரும்போது விமானத்தில் வாகைக்குளத்தில் வந்து இறங்காதே. சென்னையிலிருந்து முத்துநகரில் டிக்கெட் போடு, இப்போதே போட்டால்தான் கிடைக்கும். கடம்பூர் தாண்டியதும் பெட்டிகளை வாசல் பக்கம் எடுத்து வை, நம் ஊரில் வண்டி அதிக நேரம் நிற்காது. இருட்டு விலகியிருக்காது, மருமகளைப் பார்த்து இறங்கச் சொல். நான் டார்ச் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
அம்மா