பித்தளைப் பொத்தானைப் பிடுங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பொருள் சேகரிப்பவர்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சீண்டிவிட்டது. நாணயம், தபால்தலை எல்லாம் சரி, "செத்தவன் போட்ட மிலிட்டரி சட்டையைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைப்பதா, அதுவும் வெள்ளைக்காரன் பட்டாளத்துச் சட்டையை?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அப்படி வாங்கி வைக்கிறவர்களில் நானும் ஒருவன். என் வீட்டிலும் இதே கேள்வி பல வருடமாக நிலுவையில் இருக்கிறது. அவருக்காவது பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் தையற்காரன். நாற்பது வருடம் மெஷின் மிதித்தவன். மதுரை திலகர் திடல் சண்டே மார்க்கெட்டில் பழைய கத்தரிக்கோல் தேடிப்போன இடத்தில்தான் முதல் காக்கிச் சட்டை கையில் சிக்கியது. தரையில் விரித்த சாக்கில், ஸ்பேனருக்கும் அறுந்த சைக்கிள் செயினுக்கும் அடியில் கிடந்தது. தையலைப் பார்த்ததும் வைக்க மனம் வரவில்லை. ஆனால் முன்பக்கம் ஒரு பொத்தான்கூட இல்லை. இரண்டு பக்கமும் ஓட்டைதான். முதலில் எனக்கே புரியவில்லை. அந்தக் காலத்துக் காக்கிக் கோட்டில் பித்தளைப் பொத்தானைத் தைக்க மாட்டார்கள். ஓட்டை வழியாக நுழைத்து உள்பக்கம் ஒரு சின்ன வளையத்தை மாட்டிவிடுவார்கள். வெளுக்கப் போடும்போது கழற்றிக்கொள்ளலாம். அந்த வசதிதான் இப்போது வினையாகிவிட்டது. கடைக்காரரிடம் கேட்டேன். "பித்தளையெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சு அண்ணே, துணி மட்டும்தான். வேண்டாம்னா லேத்து பட்டறைக்கு வேஸ்ட் துணியா போயிரும்" என்றார்.

அந்தப் பொத்தான்தான் சட்டையின் ஜாதகம். அதில் கிரீடம் இருந்தால் அரசர் காலத்துப் பட்டாளம். நாடு 1950-இல் குடியரசான பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் ஏறியது. தோளில் இருக்கும் பித்தளை எழுத்து எந்தப் படைப்பிரிவு என்று சொல்லும். யானைச் சின்னம் இருந்தால் அது மெட்ராஸ் ரெஜிமென்ட். 1803-இல் அஸ்ஸாயே போரில் சண்டையிட்டதற்கு அடையாளமாக வந்த யானை. அந்த ரெஜிமென்டின் பயிற்சி மையம் இருக்கிற நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்து வந்தவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ பேர். துணியின் நிறமும் பேசும். பர்மாக் காட்டில் காக்கி காட்டிக்கொடுத்துவிடுகிறது என்றுதான் இரண்டாம் உலகப்போரின் நடுவில் பச்சைக்கு மாறினார்கள். உள்பக்கம் கோழிக்கால் போல ஒரு அம்புக்குறியும் அதோடு ஆங்கில 'ஐ' எழுத்தும் முத்திரையாக இருந்தால், இந்தியாவில் பட்டாளத்துக்கென்று தைத்தது.

இனி அந்த வாசகர் சொன்ன 'வெள்ளைக்காரன் சட்டை'க்கு வருகிறேன். நம் ஊர் சந்தையில் காக்கியில் எது வந்தாலும் "நேதாஜி படைச் சட்டை" என்று விலையை ஏற்றுவார்கள். நேதாஜி படையில் சேர்ந்த நம் ஆட்கள் பெரும்பாலும் போட்டிருந்தது சிங்கப்பூரிலும் மலேயாவிலும் பிரிட்டிஷ் பட்டாளம் விட்டுப்போன அதே காக்கியைத்தான். சின்னத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். ஆகவே சின்னம் இல்லாத வெறும் சட்டையை வைத்து அதைப் போட்டிருந்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்று யாராலும் சொல்ல முடியாது, விற்பவராலும் முடியாது, அந்த வாசகராலும் முடியாது. சட்டையையும் சின்னத்தையும் பிரிக்காதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

நாடகக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்ட உடுப்புகளும் இதில் கலந்து வரும். அதைக் கண்டுபிடிப்பது தையற்காரனுக்குப் பெரிய வித்தையில்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகச் சுருண்டுகொள்ளும். கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கையும் சிலர் பிடித்துப் பார்ப்பார்கள், பளீரென்று மின்னினால் புதுத்துணி என்று. அதை முழுக்க நம்ப வேண்டாம். அசல் பழைய சட்டையை இன்றைய சோப்புப் பொடியில் ஒருமுறை அலசியிருந்தாலும் மின்னும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாங்குவது வைக்கத்தான், மாட்டிக்கொண்டு திரிய அல்ல. ராணுவத்தான் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையைப் போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவில் மூன்று மாதம்வரை சிறை உண்டு. 2022-இல் ராணுவத்துக்கு வந்த புதுப் புள்ளி டிசைன் உடுப்பின் நகலை யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம், அது சேகரிப்பு அல்ல.

உங்கள் வாசகர்களில் மிலிட்டரிக்காரர் வீடுகள் நிறைய இருக்கும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியை எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு துண்டுச் சீட்டில் அவர் பெயர், நம்பர், ஊர் எழுதி உள்ளே போடுங்கள். பித்தளைச் சின்னத்தைப் பிரேசோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துபோகும். பாச்சை உருண்டைக்குப் பதில் வசம்பை ஒரு துணியில் முடிந்து வையுங்கள். மெடல் இருந்தால் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். இரண்டாம் உலகப்போருக்கு வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கொடுத்த மெடலில் பெயர் இருக்காது, நம் சிப்பாய்க்குக் கொடுத்ததில் நம்பரும் பெயரும் வெட்டியிருக்கும். அதையும் பித்தளை என்று தராசில் போடுகிறார்கள், நானே பார்த்தேன்.

செத்தவர் துணி ஆகாது என்கிறார் வாசகர். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணியைத் தமுக்கத்துக் காந்தி மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிற ஊர் இது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய்க் காட்டுகிறோம்.

அந்த முதல் சட்டை இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு பழைய வேட்டியில் சுற்றி. பொத்தான் இல்லை, பெயர் இல்லை. கழுத்துப் பட்டியின் உள்ளே சேங்கொட்டைப் பாலில் போட்ட சலவைக்குறி மட்டும் அழியாமல் நிற்கிறது: இரண்டு கோடு, பக்கத்தில் மூன்று புள்ளி. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு குறி மாறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் குறியை அடையாளம் தெரிந்தவர் யாராவது இருந்தால் உங்கள் பத்திரிகை வழியாகவே தெரிவிக்கட்டும். வீட்டார் கிடைத்தால் காசு வேண்டாம், சட்டையைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய தையற்காரன்,
ஆரப்பாளையம், மதுரை.