டோர்ஸ் முதல் தட்டு: சுருதி ஏன் சேரவில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க ராக் இசைக்குழுவான டோர்ஸின் முதல் ஆல்பம் (ஜனவரி 1967) பற்றிய உங்கள் கட்டுரை, பாடகர் ஜிம் மாரிசனோடு நின்றுவிட்டது. வடசென்னையில் கிடாரும் கீபோர்டும் வைத்துப் பயிலும் பிள்ளைகளுக்கு உதவும் விஷயம் வேறு.

அதிலுள்ள 'லைட் மை ஃபயர்' பாட்டின் பழைய ஸ்டீரியோ பதிப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. ஏ மைனரில் வாசித்த பாட்டு, ஏ-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில் தொங்கும். தட்டோடு சேர்ந்து வாசித்தால் எந்தக் கட்டையிலும் சேராது. குறை கிடாரில் இல்லை. பதிவுப் பொறியாளர் புரூஸ் பாட்னிக் பின்னாளில் செய்த புதிய கலவையில் (2006-07) இது சரியாகிவிட்டது. பழைய தட்டுதான் கையில் என்றால், டர்ன்டேபிளில் வேகத்தை மாற்றும் பிட்ச் நெம்புகோலை பிளஸ் 3.5-இல் வையுங்கள். கணினியில் வேகத்தை 103.5 சதவீதம் ஆக்கும்போது, சுருதியை மாற்றாமல் காக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் பாட்டு விரையும், சுருதி அப்படியே கிடக்கும். ஏழு நிமிடப் பாட்டில் கால் நிமிடம் குறையும்.

குழுவில் பேஸ் கிடார்காரர் கிடையாது. மேடையில் கீபோர்டு கலைஞர் ரே மன்சாரெக் இடக்கையால் 32 கட்டை பியானோ பேஸ் (கீழ் சுரங்களுக்கான சிறு கீபோர்டு), வலக்கையால் வாக்ஸ் ஆர்கன் வாசித்தார். ஆனால் தட்டில் சில பாட்டுகளுக்கு, குழுவில் இல்லாத லாரி நெக்டல் என்ற கலைஞர் பேஸ் கிடார் சேர்த்தார். ஒரே கீபோர்டில் தட்டைப் போலவே வரவில்லையே என்று இடக்கையைத் திட்டுவது நியாயமில்லை!

– இசைப் பிரியர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை-11