துவர்ப்பைப் படித்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு மூலிகை என்று ஓடாமல், ஒரே ஒரு சுவையை எடுத்து ஆண்டு முழுக்கப் பார்ப்போம் என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம், ஞாபகம் இருக்கும். துவர்ப்பை எடுத்தோம். கடுக்காய், நெல்லி, மாதுளைத் தோல், ஆவாரம்பட்டை, நாவல்கொட்டை எல்லாம் வாயைச் சுருக்குவதற்குக் காரணம் டானின். அது பீனால் என்கிற வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தது. கிராம்பின் யூஜெனாலும் மஞ்சளின் குர்குமினும் துவர்க்காவிட்டாலும் அதே குடும்பம் என்பதால் சேர்த்துக்கொண்டோம். நிலவேம்பையும் பலர் கேட்டீர்கள். அதைக் கசக்க வைக்கிற ஆண்ட்ரோகிராஃபோலைடு டெர்பீன் வகை, பீனால் இல்லை, அதனால் அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

அதிக நேரம் போனது கடுக்காய்க்குத்தான். டானினுக்குப் புரதத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்கிற குணம், எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டுவதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது, தோல் பதனிடுகிறவர்கள் கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் காலங்காலமாகப் பயன்படுத்தியதும் இதற்காகத்தான். ஈறு புண்ணானால் கடுக்காய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்ன பாட்டிமாரும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னோம், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு நடந்த தவறையும் எழுதியாக வேண்டும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நம் உறுப்பினர் ஒருவரிடம், ராத்திரி கடுக்காய்ப் பொடியும் சாப்பிடும்மா, வயிறு நன்றாக இருக்கும் என்று சொன்னது நான்தான். அந்தத் தங்கை மாத்திரையையும் பொடியையும் ஒரே நேரத்தில் விழுங்கியிருக்கிறாள். மூன்று மாதமாகியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. வேறென்ன சாப்பிடுகிறாய் என்று மருத்துவர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கடுக்காயை நிறுத்தினாள், அடுத்த பரிசோதனையில் ஏறத் தொடங்கியிருந்தது. எனக்கு அன்று தூக்கமே வரவில்லை.

அதனால்தான் அடுத்த கூட்டத்தில் ஒரு செய்முறையைச் செய்து காட்டினேன். மாத்திரையின் மேல்பூச்சைக் கழுவி, பொடித்து, வடிகட்டிய கடுக்காய்த் தண்ணீரில் போட்டுக் கலக்கினோம். தேன் நிறத்தில் இருந்த தண்ணீர் முதலில் ஊதாவாகி, கொஞ்ச நேரத்தில் பேனா மை மாதிரி கறுத்துப் போனது. இரும்பு உப்பான அன்னபேதியும் கடுக்காயும் சேர்த்து முன்பு எழுதும் மை செய்தார்களே, அதேதான். டானின் பிடித்துக்கொண்ட இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வது கடினம். டீயும் அப்படித்தான். மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரமாவது விடுங்கள். நெல்லிக்காயும் துவர்க்கிறதே அக்கா என்று கேட்டார்கள், நல்ல கேள்வி. அதில் வைட்டமின் சி நிறைய உண்டு, அது இரும்பு சேர உதவுகிற சத்து, அதனால் கடுக்காயோடு ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடியாது.

மஞ்சள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் ரத்தத்தில் சரியாகச் சேராது. மிளகின் பைபெரினோடு கொடுத்தபோது பல மடங்கு அதிகமாகச் சேர்ந்ததை 1998-இல் பெங்களூரில் செய்த ஆய்வு காட்டியது. பாலில் மஞ்சளோடு மிளகைத் தட்டிப் போடுவதை விட்டுவிடாதீர்கள். அதற்காகக் கடையில் விற்கிற குர்குமின் மாத்திரையை யாரும் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், 2019-இல் இத்தாலியில் அப்படிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. சமையல் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு.

கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனால். பல்வலியை மரத்துப்போக வைக்கும், ஆனால் அப்படியே தடவினால் ஈறு வெந்துவிடும். தேங்காய் எண்ணெயில் கலந்து பஞ்சில் தொட்டு வையுங்கள், குழந்தைகளுக்கு வேண்டாம், அப்புறம் பல் மருத்துவரைப் பார்க்கவும் போங்கள்.

தோட்டத்தில் கோடையில் மோட்டார் பழுதாகி ஆடாதொடையும் இரண்டு நெல்லிக் கன்றும் கருகின. ஆவாரை மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் பூத்துக் குலுங்கியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

அடுத்த கூட்டத்தில் மாதுளைத் தோலைப் பார்க்கிறோம். வீட்டில் பழம் உரித்தால் தோலை எறிந்துவிடாமல் நிழலில் காயவைத்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள்.