கட்டுரையில் விட்டுப்போன மாலினியூவின் கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் ஐரோப்பியத் தத்துவத் தொடரை முதல் வாரத்திலிருந்து படித்து வருகிறேன். சென்ற வாரக் கட்டுரை டேக்கார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் மூவரையும் அறிவுமுதல்வாதிகள் என்று ஒரு பக்கமும், லாக், பெர்க்லி, ஹியூம் மூவரையும் அனுபவவாதிகள் என்று மறுபக்கமும் நிறுத்தியது. முதல் மூவர் உட்கார்ந்த இடத்தில் யோசித்தவர்கள், மற்ற மூவர் கண்ணையும் காதையும் நம்பியவர்கள் என்று சொல்லி, இந்தப் பழைய சண்டை இன்றைக்கு யாருக்கும் தேவையில்லை என்பதுபோல முடித்துவிட்டது. அந்த முடிவுதான் என்னை எழுத வைத்தது. நான் தில்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தச் சண்டை என் வகுப்பில் இன்னும் ஓயவில்லை.

டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினியூ என்பவர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார். மாலினியூ ஒளியியல் படித்தவர். அவர் மனைவி பார்வையை இழந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டுத் தொட்டே பிரித்தறியப் பழகியிருக்கிறார். திடீரென்று அவருக்குப் பார்வை வருகிறது. இரண்டையும் மேஜைமேல் வைத்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? 1694-ல் தன் நூலின் இரண்டாம் பதிப்பில் லாக் இதைச் சேர்த்து, முடியாது என்று மாலினியூவோடு ஒத்துப்போனார். 1709-ல் பெர்க்லியும் முடியாது என்றார்.

லைப்னிட்ஸ் முடியும் என்றார். ஆனால் அவர் போட்ட நிபந்தனையை யாரும் சொல்வதில்லை. முன்னால் இருப்பவை அந்த இரண்டு பொருள்கள்தான் என்று பார்வை வந்தவருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கண் கூசித் திகைத்து நிற்கும் முதல் கணத்தைப் பற்றித் தான் பேசவில்லை என்றும் எழுதினார். உருண்டையின் பரப்பில் ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் வித்தியாசம் கிடையாது, கனசதுரத்திலோ எட்டு முனைகள் தனியாகத் தெரியும், யோசித்தால் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர் வாதம். பார்வையற்றவர் தொட்டு அறியும் வடிவகணிதமும், கைகால் அசையாதவர் பார்த்தே அறியும் வடிவகணிதமும், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பிம்பம்கூட இல்லாவிட்டாலும், கடைசியில் ஒன்றாகத்தான் சேரும் என்றார். இதையெல்லாம் லாக்கின் நூலுக்குப் பதிலாக எழுதிய ஒரு நூலில்தான் சொன்னார். 1704-ல் லாக் இறந்துபோனதும் லைப்னிட்ஸ் அதன் கையெழுத்துப் பிரதியை அப்படியே வைத்துவிட்டார். 1765-ல்தான் அச்சுக்கு வந்தது. அதற்குள் லைப்னிட்ஸும் இறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

இந்தக் கேள்விக்கான சோதனைகளில் முக்கியமான ஒன்று நம் தில்லியிலேயே நடந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலிருந்தே பார்வையில்லாமல் இருந்து, ஷ்ராஃப் கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து பிள்ளைகளைச் சோதித்தார்கள். வயது 8 முதல் 17 வரை. முடிவு 2011-ல் வெளியானது. பிளாஸ்டிக் கட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு காட்டும் இரண்டில் அது எது என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும். குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாகிவிடும். அவர்கள் அதைவிடக் கொஞ்சம்தான் அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். கண்ணால் பார்த்ததைக் கண்ணாலேயே அடையாளம் காண்பதில் 90 சதவீதத்துக்கும் மேல் சரி. ஆக, பார்த்த மாத்திரத்தில் முடியாது. லாக் சொன்னது சரி. அப்புறம், தனியாகப் பயிற்சி எதுவும் இல்லாமலே சில நாட்களில் அவர்களால் முடிந்தது. இத்தனை சீக்கிரம் எப்படி வந்தது என்று யோசிக்கும்போது எனக்கு லைப்னிட்ஸையும் ஒதுக்க மனம் வரவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், பார்வையில்லாத பிள்ளைக்கு ஜியோமெட்ரி எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். பள்ளிகளிலும் இருக்கிறார்கள். கணக்குக்குப் பதிலாகச் சங்கீதம் மாதிரி ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருக்கிறதே என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். எல்லா அறிவும் கண் வழியாகத்தான் வருகிறது என்று நினைப்பதால் வரும் பேச்சு இது. லாக்கே அப்படிச் சொன்னதில்லை. கணக்கின் நிரூபணம் ஐயத்துக்கு இடமில்லாத அறிவு என்பதை அவரும் ஏற்றுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தவர் என்று உங்கள் கட்டுரை சொல்லும் டேக்கார்ட், ஆம்ஸ்டர்டாமில் ஒரு குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய தினமும் கசாப்புக்கடைக்குப் போய், மிருகங்களின் உறுப்புகளை வாங்கிவந்து அறுத்துப் பார்த்தவர். பக்கம் பிரித்து நிறுத்தினால் இதெல்லாம் கண்ணில் படாமல் போகிறது.

என்னிடம் படிக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண் திரிலோக்புரியிலிருந்து வருகிறாள், தமிழ்க் குடும்பம். பிறவியிலேயே பார்வை இல்லை. ரப்பர் ஷீட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து அழுத்திக் கோடு போட்டால் கோடு மேலெழும்பி விரலுக்குத் தெரியும். அப்படி ஒரே ஒரு முக்கோணம் வரைந்து, அதன் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடும் போட்டுக் கொடுத்தேன். விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தவள், "மேம், எல்லா முக்கோணத்தையும் தொட்டுப் பார்க்கணும்னு இல்லையே. இந்தக் கோடு இணையா இருந்தா போதும், மூணு கோணத்தையும் கூட்டினா 180-ஐத் தவிர வேற வரவே முடியாது" என்றாள். தொட்டது ஒன்றை, தெரிந்துகொண்டது எல்லாவற்றையும். இந்தத் தாவல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் லாக்குக்கும் லைப்னிட்ஸுக்கும் இடையே இருந்த வழக்கு.

அடுத்த வாரம் காண்ட் வருவார் என்று அறிவித்திருக்கிறீர்கள். அவருக்கு முன் ஒரு வாரத்தை நிக்கோலஸ் சாண்டர்சனுக்குக் கொடுக்க முடியுமா? சுமார் ஒரு வயதில் அம்மையால் பார்வை போனவர். 1711-ல் கேம்பிரிட்ஜில், முன்பு நியூட்டன் வகித்த அதே கணிதப் பேராசிரியர் பதவிக்கு வந்தவர். ஊசிகள் குத்திய பலகையில் விரலால் கணக்குப் போட்டவர், ஒளியியலும் நடத்தியவர். பிள்ளைக்குக் கணக்கை விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் சிலர் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
மயூர் விஹார், தில்லி